மூளைக்கு லீவு விடுவது எப்படி?

அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து யோசனை வற்றிப்போனவர்களுக்கான கையேடு இது. விளம்பர வாசகம் எழுதுகிறவர், கட்டட வரைபடம் போடுகிறவர், தொலைக்காட்சித் தொடரில் மாமியாருக்கு இன்னொரு சதித்திட்டம் தேடுகிறவர், நவல்பட்டு எல்காட் வளாகத்தில் ‘புதுமையாக ஏதாவது’ என்று தலைப்பு மட்டும் போட்ட ஸ்லைடின் முன் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர், எல்லாரும் பயன்படுத்தலாம். மேலதிகாரியே கூப்பிட்டு, “நாலு நாள் எங்கேயாவது போய் ரிலாக்ஸ் பண்ணிட்டு வாங்க, திங்கட்கிழமை மூணு ஐடியாவோட உட்காருவோம்” என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இது அவசியமே. ஓய்வுக்கும் டார்கெட் வைத்து அனுப்பப்பட்டவர் நீங்கள்.

கொடைக்கானலுக்குப் போ, கோவளத்துக்குப் போ என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கையேடு திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் தாண்டாது. செலவு குறைவு என்பது ஒரு காரணம். கையில் இருந்த வேலையைப் பாதியில் கீழே வைத்ததால் உண்டான ஊர் இது என்பது பெரிய காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

காரணத்தைத் தயார் செய்யுங்கள்

லீவு விண்ணப்பத்தில் ‘யோசிக்க வேண்டும்’ என்று மறந்தும் எழுதாதீர்கள். அப்படியானால் இத்தனை நாள் யோசிக்காமலா சம்பளம் வாங்கினார் என்ற கேள்வி வரும். காய்ச்சல், மச்சினி கல்யாணம், குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம் ஆகிய மூன்றும் பல தலைமுறை கையாண்டு நின்றவை. மூன்றில் கும்பாபிஷேகம் உத்தமம். குறுக்குக் கேள்வி கேட்டால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்ற பயம் மேலதிகாரிக்கும் உண்டு. ஒரே குறை, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் உதவும்.

சட்டத்தைத் துணைக்குக் கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். பாதி வழி வரும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. பொன்மலை ரயில்வே பணிமனையில் சங்கு ஊதினால் கை நிற்கும். உங்கள் வேலைக்குச் சங்கு கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குப் பல் தேய்க்கும்போதும் அந்த ஸ்லைடு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்த எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் வர மாட்டார்.

முன்னோடியைப் படியுங்கள்

ஸ்ரீரங்கத்தில் ஓய்வெடுக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் விபீஷணன். பட்டாபிஷேகம் முடிந்து, தன் குலதனமான ரங்க விமானத்தை ராமர் அவனிடம் கொடுத்து இலங்கைக்கு எடுத்துப் போகச் சொன்னார் என்பது தலபுராணம். நிபந்தனை ஒன்றுதான்: வழியில் எங்கும் கீழே வைக்கக் கூடாது. காவிரியைப் பார்த்ததும் விபீஷணன் இறங்கினான். குளிக்க வேண்டும், அனுஷ்டானம் பண்ண வேண்டும். ஊரில் எல்லாரும் சொல்லும் கதைப்படி, கரையில் நின்ற ஒரு பையனிடம் விமானத்தைக் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். பையன் கீழே வைத்துவிட்டான். வந்து தூக்கிப் பார்த்தால் அசையவில்லை. கோபத்தில் துரத்த, பையன் ஓடிப்போய் மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்துகொண்டான். துரத்தி வந்தவன் நெற்றியில் ஒரு குட்டு வைத்தான். உச்சிப் பிள்ளையாரின் நெற்றியில் அந்தத் தழும்பு இருப்பதாக இன்றும் சொல்வார்கள்.

ஒரு குளியல் நேரம், அவ்வளவுதான். அதில் கிடைத்தவை ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள், அவற்றுக்குள்ளே உத்திர வீதியும் சித்திரை வீதியும் அடையவளஞ்சானுமாக ஓர் ஊர், ஆழ்வார்கள், ஆசாரியர்கள், அரையர் சேவை, பிற்பாடு அந்த வீதிகளில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த ஓர் எழுத்தாளர். ஓய்வின் பயனை அளக்கும் நிபுணர்கள் இந்தக் கணக்கை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று பார்க்க ஆசை.

ஒன்றைக் கவனியுங்கள். குளித்துவிட்டு வந்தால் விமானம் லேசாகிவிடும், இலங்கைக்கு இன்னும் வேகமாகப் போகலாம் என்று விபீஷணன் கணக்குப் போட்டு இறங்கவில்லை. அழுக்குப் போக வேண்டும், பொழுது தப்பக் கூடாது, இறங்கினான். இன்னொன்று, பொறுப்பை ஒப்படைக்கும்போது யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் அலுவலகத்திலும் “நீங்க போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்” என்று சிரிக்கும் ஒரு பையன் இருப்பான். நீங்கள் திரும்பும்போது அவன் உச்சியில் உட்கார்ந்திருப்பான். துரத்தலாம், குட்டலாம், கும்பிடு அவனுக்குத்தான் விழும்.

விபீஷணனுக்கு ஆறுதலாக, தெற்கே இலங்கையைப் பார்த்தபடி பெருமாள் அங்கேயே பள்ளிகொண்டார். வேலையைக் கோட்டைவிட்ட ஊழியரிடம் நிர்வாகம் இவ்வளவு பெருந்தன்மை காட்டுவதை எல்லாரும் எதிர்பார்க்கக் கூடாது.

மலை ஏறுங்கள், ஆனால் எந்த வெயிலில் என்று பார்த்து

ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, தன் எழுபதாவது பிறந்தநாளுக்காக 1891-இல் நடந்த விழாவில், நல்ல யோசனைகள் எப்போது வந்தன என்று சொன்னார். களைத்த மூளைக்கு வந்ததில்லை, மேசை முன்னாலும் வந்ததில்லை. வெயில் காயும் நாளில் மரம் அடர்ந்த குன்றுகளில் மெதுவாக ஏறும்போதுதான் ஆசையாக வந்தனவாம். சாராயம் துளி உள்ளே போனாலும் ஓடிவிட்டனவாம். டாஸ்மாக் வழியாக மலைக்கோட்டை போகத் திட்டமிட்டவர்கள் இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளவும்.

இந்தப் பேச்சை வைத்துத்தான் கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926-இல் சிந்தனைக்கு நான்கு கட்டம் வகுத்தார்: முதலில் பாடுபட்டுத் தயாராவது, பிறகு அதை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது, திடீரென்று பளிச்சிடுவது, கடைசியில் அது சரிதானா என்று பார்ப்பது. பின்னால் வந்த ஓய்வு நிபுணர்கள் இரண்டாம் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். முதல் கட்டத்தை யாரும் வாங்க மாட்டார்கள். நான்காவதை யாரும் கேட்பதேயில்லை.

நடந்தால் யோசனை வரும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றும் ஆதாரம். வெளியில் காற்றாட நடந்தவர்களுக்கு மட்டுமில்லை, அறைக்குள் வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிக யோசனைகள் வந்தன. ஆனால் விடை ஒன்றே ஒன்று என்கிற மாதிரிக் கேள்விகளில் நடை உதவவில்லை. ஆகவே வருமான வரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள்.

மலைக்கோட்டையில் நானூறுக்கு மேல் படி. செருப்பைக் கீழே விட வேண்டும். முதல் பாதி பாறைக்குள் குடைந்த பாதை; இருட்டு, குளிர்ச்சி, எண்ணெய்ப் பிசுக்கு. இங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸை நம்பலாம் போல இருக்கும். தாயுமானவர் சன்னதியைத் தாண்டி மேலே போகப் போக வானம் திறக்கும். கடைசிப் படிகள் வெறும் பாறை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது ஜெர்மன் வெயில். சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குத் திருச்சிப் பாறையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு உள்ளங்காலைத் தவிர உலகத்தில் வேறு விஷயமே கிடையாது. ஸ்லைடும் கிடையாது, திங்கட்கிழமையும் கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு மனதை ஒருமுகப்படுத்தக் கற்றுத் தரும் வகுப்புகள் பல வாரத்தில் சாதிக்காததை இந்தப் பாறை அரை நிமிஷத்தில் சாதிக்கும்.

உச்சியில் காற்று இருக்கும். வடக்கே காவிரி, அதற்கப்பால் தீவு, தீவுக்கு நடுவே 236 அடி ராஜகோபுரம். கோபுரத்தைப் பார்க்கும்போது அதன் கதையையும் சேர்த்துப் பாருங்கள். விஜயநகர அரசர்கள் காலத்தில் தொடங்கிய வேலை அடிநிலையோடு நின்றுபோனது. சுமார் நானூறு வருஷம் அப்படியே நின்றது. ஊர்க்காரர்களுக்கு அது மொட்டை கோபுரம். பேரும் வைத்துப் பழகியும் போனார்கள். அஹோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முனைந்து, 1979-இல் வேலை மறுபடி ஆரம்பித்தது, 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம். நான்கு நூற்றாண்டு இடைவேளை, எட்டே வருஷ வேலை. இடைவேளையின் மகிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மேலதிகாரியிடம் சொல்லும்போது நானூறு என்பதை மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பாகச் சொல்லுங்கள்.

உச்சியில் செல்ஃபி எடுத்து ‘ரீசார்ஜ் ஆகிறேன்’ என்று போட்டால் ஓய்வு அந்த வினாடியோடு முடிந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இறங்கும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வருவீர்கள். படி வழுக்கும்.

அம்மா மண்டபத்தில் தனியாக உட்காராதீர்கள்

ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் மனம் தெளியும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். அவற்றை எழுதியவர்கள் அம்மா மண்டபம் பக்கம் வந்ததில்லை. வேலை நாளில், காலை வேளையில், சோர்ந்த முகத்தோடு, தனியாகப் படித்துறையில் உட்கார்ந்திருப்பவர் என்ன காரியமாக வந்திருக்கிறார் என்பதில் அங்கே திதி பண்ணிவைக்கும் வாத்தியார்கள் யாருக்கும் சந்தேகம் வராது.

“அப்பாவுக்கா, அம்மாவுக்கா?”

“இல்லை சுவாமி, சும்மா உட்கார்ந்திருக்கேன்.”

“சும்மா யாராவது இங்க வருவாளா? திதி தெரியலேன்னா பரவாயில்லை, நான் பாத்துச் சொல்றேன். கோத்திரம் மட்டும் சொல்லுங்கோ.”

அப்பா அம்மா இரண்டு பேரும் வீட்டில் சௌக்கியமாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று விளக்கினால், அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் வரும். உங்களுக்கே குற்ற உணர்ச்சியாகிவிடும். அவர் நகர்ந்ததும் இன்னொருவர் வருவார், தட்சிணையைக் குறைத்துச் சொல்வார். அடுத்து ஒரு அம்மாள் அகத்திக்கீரைக் கட்டோடு வந்து, மாட்டுக்குக் கொடுத்தால் மனக்கஷ்டம் தீரும் என்பார். வாங்கிவிடுங்கள். மாடு சாப்பிடும் வரை உங்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அந்த இரண்டு நிமிஷம்தான் அன்றைய முழு ஓய்வு. அதை மாட்டோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால் காவிரியின் லீவுப் பட்டியலையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழக்கமான காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. மிச்ச மாதங்களில் அம்மா மண்டபத்துக்கு எதிரே பெரும்பாலும் மணலைத்தான் பார்க்க வேண்டும். நதிக்கே இப்படித் தேதி குறித்து ஓய்வு கிடைக்கிறதே என்று பொறாமைப்பட வேண்டாம். வேலைக்கு வர வேண்டிய தேதியில் தண்ணீர் வருமா என்று கர்நாடகத்து மழையைப் பார்த்துக்கொண்டு டெல்டாவே உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, ஆறு ஓய்வில் இருக்கும்போது அதன் மணலைப் பிரித்து எடுத்துப் போக வருகிறவர்கள் ஓய்வே எடுப்பதில்லை.

சித்திரை வீதித் திண்ணை

திண்ணை மிச்சமிருக்கிற வீடு கிடைத்தால் உட்காரலாம். ஆனால் பத்து நிமிஷத்துக்குள் தெருவே உங்கள் லீவைத் தணிக்கை செய்துவிடும்.

“என்னடாப்பா, ஆபீஸ் இல்லையா?”

“லீவு மாமா.”

“லீவா, இல்ல அனுப்பிட்டானா? இப்பல்லாம் மெயில்லயே அனுப்பிடறானாமே.”

மறுத்துப் பேசாதீர்கள். மறுக்க மறுக்க உறுதியாகும். சாயங்காலம் புறப்பாடு பார்க்கப் போனால், உங்களுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுக்க மூன்று பேர் தயாராக நிற்பார்கள்.

பெருமாளிடம் கற்றுக்கொள்ளுங்கள்

ஓய்வை நிர்வகிப்பதில் ஸ்ரீரங்கத்துக்கு நிகர் இல்லை. மூலவர் பெரிய பெருமாள் ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்டிருக்கிறார், எழுவதில்லை. வெளி வேலை முழுக்க உற்சவர் நம்பெருமாளுடையது. பகல் பத்து, ராப் பத்து, தேர், தெப்பம், அம்மா மண்டபத்து ஆடிப் புறப்பாடு, எல்லாவற்றுக்கும் அவர்தான் கிளம்ப வேண்டும். வெயில், பனி, கூட்டம், பட்டாசுச் சத்தம் எல்லாம் அவருக்கு. உள்ளே இருப்பவர் உலகைக் காக்கிறார் என்பது ஐதிகம். நம் அலுவலகங்களும் இதே அமைப்பில்தான் இயங்குகின்றன. படுத்திருப்பவர் யார், அலைபவர் யார் என்பது மாதக் கடைசியில் தெரியும். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே இரண்டு பேரும் ஒருவரே. நம் அலுவலகத்தில் அப்படி இல்லை.

கடல் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு

ஓய்வின் பெருமையைப் பேசுகிறவர்கள் கடைசியில் ராமனிடம் வந்து நிற்பார்கள். சர் சி. வி. ராமன், 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தவர், நம்ம ஊர்க்காரர். 1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார், கேள்வி பிறந்தது, 1930-இல் நோபல் பரிசு வந்தது. ஆகவே நீங்களும் கப்பலில் போங்கள், குறைந்தது முக்கொம்புக்காவது போங்கள் என்று முடிப்பார்கள்.

கப்பலில் இருந்த எல்லாரும் அதே நீலத்தைத்தான் பார்த்தார்கள். ராமன் கையில் நிகோல் பட்டகம் இருந்தது. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பட்டகத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தால், நீலம் போய்விட வேண்டும். போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் தயார். உல்லாசப் பயணத்துக்கு நீங்கள் எடுத்துவைக்கும் பையில் என்னென்ன இருக்கும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். சன்ஸ்கிரீன், சார்ஜர், மணப்பாறை முறுக்கு.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து ராமன் விளைவை உறுதி செய்தது 1928 பிப்ரவரி 28. நீலத்தைப் பார்த்ததற்கும் விடை கிடைத்ததற்கும் நடுவே ஆறு வருஷத்துக்கு மேல். உங்களுக்குக் கொடுத்த கெடு திங்கட்கிழமை.

அவருடைய முந்தைய பத்து வருஷத்தை ஓய்வு நிபுணர்கள் இன்னும் வேகமாகத் தாண்டுவார்கள். 1907-இல் கல்கத்தாவில் அரசு நிதித்துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தவர், 1917 வரை அந்த வேலையில் இருந்தார். அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். அவருக்குக் கணக்கிலிருந்து ஓய்வு இயற்பியல். வேலையிலிருந்து தப்பிக்க இன்னொரு வேலைக்குள் போய் உட்கார்ந்தவரை ஓய்வுக்கு உதாரணமாகக் காட்டுவது கொஞ்சம் துணிச்சல்தான்.

ஊரின் இன்னொரு பெருமையும் இந்த ரகம். கீழச்சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ரங்கராஜன், பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடியே சுஜாதாவாக எழுதித் தள்ளினார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தில் அவர் பங்கு உண்டு. அதே கை ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ எழுதியது. எப்போது தூங்கினார் என்பது வேறு விஷயம். லால்குடியைத் தன் பெயரின் முதல் எழுத்தாக வைத்திருந்த லா. ச. ராமாமிருதம் பஞ்சாப் நேஷனல் வங்கியில் பேரேடு பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினார். இரண்டு பேருக்கும் யாரும் ஓய்வுப் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை. கொடுத்திருந்தால் சுஜாதா அதை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பார், லா.ச.ரா. முதல் பத்தியிலேயே வகுப்பைவிட்டு எழுந்து போயிருப்பார்.

ஒண்ணாம் நம்பர் பஸ்

கையில் காசில்லாதவர்களுக்கு இது உகந்தது. பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்றி பொயன்காரே ஒரு கணக்கோடு இரண்டு வாரம் போராடினார். ஒரு ராத்திரி பால் விடாத காபியைக் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டபோது பாதி விடை கிடைத்தது. பால் விடாததை ஸ்ரீரங்கத்தில் காபி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடை பாதியோடு நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிறகு சுற்றுப்பயணம் போன இடத்தில், கூத்தான்ஸ் என்ற ஊரில், குதிரை வண்டி பஸ்ஸின் படியில் கால் வைத்த கணத்தில் மிச்சம் பளிச்சென்று வந்தது. ஏறி உட்கார்ந்து, விட்ட பேச்சை அவர் தொடர்ந்தார். சரிபார்த்தது ஊர் திரும்பிய பிறகு.

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம், மெயின் கார்டு கேட், பாலக்கரை வழியாக ஜங்ஷன் போகும் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ்ஸில் இதைச் செய்து பார்க்கலாம். படியில் கால் வைக்கும் கணம் வரை பொயன்காரேவுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு “படில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்குல்ல” என்ற குரல் வரும். உள்ளே இடம் இருக்காது. காவிரிப் பாலம் தாண்டும்போது ஜன்னலோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். யோசனை வரவில்லையென்றால் ஜங்ஷனில் இறங்கி, அதே வண்டியில் திரும்புங்கள். கண்டக்டர் இரண்டாவது தடவை ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாவது தடவை பழகிவிடுவார்.

இந்தக் கையேடு யாருக்குப் பயன்படாது

என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்குப் பயன்படாது. 2021-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று புதிய பிரிவு சேர்த்தது. கேரளத்தில் கடை ஊழியப் பெண்கள் போராடி 2018-இல் வாங்கியது அது. உட்காரலாம் என்பதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை, ‘ஒரு மணிக்கு ஒருமுறை நாற்காலியைவிட்டு எழுந்து நில்லுங்கள்’ என்று நமக்கு நினைவூட்டும் கைக்கடிகாரங்களோடு சேர்த்துப் பாருங்கள். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா ஒன்று இதே பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யப் போகிறவர்களின் படைப்பூக்கம் பற்றி அன்றைக்கு ஒரு நிபுணரும் கவலைப்படவில்லை. கடை ஊழியரின் களைப்புக்குக் கால்வலி என்று பேர்; நம் களைப்புக்குத்தான் இவ்வளவு இலக்கியம்.

வீட்டிலேயே இருந்து ஓய்வெடுக்கப் போவதாகச் சொல்கிறவர்கள், அந்த நாலு நாளும் நேரத்துக்கு நேரம் டபராவில் வந்து நிற்கும் காபியை யார் போடுகிறார்கள் என்று ஒருமுறை சமையலறைப் பக்கம் எட்டிப்பார்க்கலாம். அங்கே இருப்பவருக்குக் குலதெய்வம் கும்பாபிஷேகத்தன்றும் லீவு கிடையாது. அன்றைக்குக் கூடுதலாகச் சர்க்கரைப் பொங்கல்.

ஒருவேளை ஐடியா வந்துவிட்டால்

வரக்கூடும். மாடு கீரை தின்னும்போதோ, பாலக்கரையில் பஸ் நெரிசலில் நிற்கும்போதோ வந்துவிடலாம். வந்தால் பதறாதீர்கள். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாலஸ் சொன்ன நான்காம் கட்டத்தை மறக்காதீர்கள். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அசட்டுத்தனமாக இருக்கும். மிச்சத்தை யாராவது முன்பே செய்திருப்பார்கள். அதையும் தாண்டி ஒன்று தேறினால்தான் அபாயமே ஆரம்பம்.

அது எங்கே வந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. ராத்திரி மூன்று மணிக்குக் கண் எரிய எரிய உட்கார்ந்து கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். மேலதிகாரி மனம் குளிர்வார், விஷயம் அதோடு முடியும். ‘மலைக்கோட்டைப் படியில் வந்தது’ என்று வாய் தவறினீர்களோ, போச்சு. அடுத்த காலாண்டில் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், பட்ஜெட் ஒதுக்குவார்கள், படிவம் அச்சடிப்பார்கள். காலை ஆறு மணிக்கு நவல்பட்டிலிருந்து வேன். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். உச்சிப் பிள்ளையார் சன்னதியில் குழு புகைப்படம், முக்கொம்பில் கயிறு இழுக்கும் போட்டி, எந்தப் படியில் எத்தனை யோசனை வந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கையெழுத்து. ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தான்; அனுபவம் உள்ளவர் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொல்வார்கள். மதியத்துக்குள் வேன் அம்மா மண்டபத்தில் வந்து நிற்கும். ஒரே நிற டி-ஷர்ட்டில் முப்பது பேர் சோர்ந்த முகத்தோடு படித்துறையில் வரிசையாக இறங்கி உட்காருவதை வாத்தியார் பார்ப்பார். பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்து, “எல்லாருக்கும் ஒரே கோத்திரமா?” என்று கேட்பார்.

“இல்லை சுவாமி, ஒரே கம்பெனி” என்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.